பையில என்ன

மூக்கையூரில் மூன்றரைக்கு எழுந்து
கத்தரிக்கோலை எடுக்கிறேன்.
ஒட்டுப்பட்டையில் இருபத்தெட்டு எம்.எம். வட்டம்.
கூடினால் தோல் வேகும்,
குறைந்தால் அது கோபிக்கும்.
அது என்றால்
தொப்புளுக்கு வலப்பக்கம்
வெளியே வந்து உட்கார்ந்துவிட்ட
என் குடலின் முனை.
செவுள் போலச் சிவப்பு, எப்போதும் ஈரம்.
டாக்டர் அதற்கொரு பெயர் சொன்னார்.
நான் வைத்த பெயர் சம்மாட்டி.
நேரம் குறிப்பது அது.
மிதிப்பது மட்டும் நான்.

ராத்திரியே சோற்றை நிறுத்தியாச்சு.
ஜவ்வரிசிக் கஞ்சி, நாட்டுப்பழம், கல்லுப்பு.
பெருங்குடல் இல்லாதவளுக்கு
உப்பு தங்காது.
வாலிநோக்கம் விலக்கில்
பாத்தி பாத்தியாகக் குவிந்து
லாரிக்குக் காத்திருக்கிறது அதே உப்பு.
என் பாட்டிலில் சிட்டிகைக் கணக்கு.

கச்சான் முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது.
குனிந்து பிடித்தால் வேகம்தான்,
குனிந்தால் பை மடங்கும்.
நிமிர்ந்தே போகிறேன்,
கல்யாணத்துக்குப் புறப்பட்ட கணக்கப்பிள்ளை மாதிரி.
உடைமரம், பனை, மறுபடி உடைமரம்.
கீழக்கரை பெட்ரோல் பங்கில் கக்கூஸ் சாவி கேட்டேன்.
"மேனேஜர் வரணும்."
மேனேஜர் பத்து மணிக்கு வருவார்.
சம்மாட்டிக்கு மணி கிடையாது.

முள்ளுக்குப் பின்னால் குந்தி
கவ்வியைத் திறந்தபோது
ஒரு மயில் நின்று பார்த்தது.
பார்க்கட்டும்.
மணலைத் தள்ளி மூடினேன்,
பூனை செய்வதுபோல.

உச்சிப்புளி தாண்டிச் சாவடி.
தங்கமும் கடல் அட்டையும் போய்வருகிற வழி.
சட்டைக்குள் புடைப்போடு வருகிறவள்
நிற்கத்தான் வேண்டும்.
"வயித்துல என்ன கட்டியிருக்க?"
சீருடையில் வேலுத்தாய் என்று பெயர்.
"பை."
"பையில என்ன?"
யோசித்தேன்.
காலையில் குடித்த கஞ்சி
என்பதுதான் உண்மை.

மறைப்புக்குப் பின்னால் கூட்டிப்போய்க்
கையை வைத்தாள்.
வெதுவெதுப்பு.
அந்த நேரம் பார்த்துச் சம்மாட்டி
ஒரு சத்தம் விட்டது,
நீளமாக, வெட்கமே இல்லாமல்.
இருவரும் அசையவில்லை.
அவள்தான் முதலில் சிரித்தாள்,
வாயைப் பொத்திக்கொண்டு,
அப்புறம் பொத்தாமல்.

"இதோட எம்புட்டுத் தூரம்?"
"அரிச்சல்முனை. திரும்ப மூக்கையூர்."
"எதுக்கு?"
பதினான்கு மாதம்
ஒரே சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததைச் சொல்லலாம்.
அந்தச் சுவரில் ஒரு ஆணி இருந்தது,
அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை.
"காத்து நல்லா இருக்கு" என்றேன்.
"திரும்புறப்ப எதுத்துல்ல அடிக்கும்?"
"அடிக்கும்."

இடுப்பிலிருந்து ஒரு சாவியை உருவினாள்.
சாவடிக்குப் பின்னே தகரக் கதவு.
வாளி நிறையத் தண்ணீர்,
பிடி போன குவளை,
உள்ளே தாழ்ப்பாள்.
தாழ்ப்பாள்!
பைபிளில் எங்கேயும் இல்லாத ஆசீர்வாதம்.
நிதானமாகக் கழுவினேன்.
பட்டையின் ஓரம் வியர்வையில் கிளம்பியிருந்தது,
உள்ளங்கைச் சூட்டில் ஒத்தி உட்காரவைத்தேன்.
வெளியே யாரோ கதவைத் தட்ட வர
"ஆள் இருக்கு" என்றது வேலுத்தாயின் குரல்.

பாம்பன் பாலத்தில் காற்று வலப்பக்கம் திரும்பி
என்னைப் பேருந்தின் பக்கம் தள்ளியது.
பயந்தேன்.
பையை நினைத்தல்ல.
ரொம்ப நாளாயிற்று
வேறு எதற்காவது பயந்து.

தனுஷ்கோடிச் சாலையில்
இடப்பக்கம் பெண்கடல் சும்மா கிடந்தது.
வலப்பக்கம் ஆண்கடல் கல்லில் மோதிக்கொண்டிருந்தது.
முனையில் சைக்கிளைச் சாத்த இடமில்லை.
பிடித்தபடியே நின்று
மீதிக் கஞ்சியைக் குடித்தேன்.

திரும்பும்போது எதிர்க்காற்று,
மணிக்குப் பதினொன்று, பன்னிரண்டு.
கண்ணிமையில் உப்பு வெள்ளையாகக் காய்ந்தது.
உள்ளே தங்காதது
வெளியே தங்கியிருக்கிறது.
சாவடிக்கு வரும்போது இருட்டு.
வேலுத்தாய் ட்யூட்டி முடிந்து போயிருந்தாள்.
வேறொருத்தி,
டார்ச்சை என் வயிற்றில் அடித்தாள்.
"பையில என்ன?"

சைக்கிளைக் கம்பியில் சாய்த்தேன்.
"சாவி எங்க?" என்றேன்.