அறிவிப்புப் பலகை

பெற்றோர் சங்கத் தேர்தலுக்குப்
படம் குத்தியது நான்தான்.
வடமலைக்குக் கிடைத்த இடம்
டிங்கிக் கொசுவின் பக்கத்தில்.
வரிவரிக் கால், ரத்தத்தில் உப்பிய வயிறு.
தவக்குமாருக்கு,
பிள்ளைகள் மைலோ குடிக்கும் படத்தோரம்.
வேறு காலி இடமில்லை,
அவ்வளவுதான்.

மூன்று வாரம்.
பீடோர் போகும் செம்பனை லாரிகள் கிளப்பிய மண்
இருவர் முகத்திலும்
ஒரே அளவுதான் படிந்தது.

"ஆளு நல்லவருதான், ஆனா
என்னமோ பிடிக்கல" என்றார்கள்
ஆ குவான் கடை வாசலில்.
எதிராக விழுந்தவை எழுபத்தொன்று;
அதில் ஒன்று என்னுடையது.

நேற்று ரொட்டிச் சானாய்க் கடையில்
எனக்கும் சேர்த்துக் காசு கட்டிவிட்டுச் சிரித்தார்.
நன்றி என்றேன்.
சொல்லும்போதே
முழங்கையைச்
சொறிந்துகொண்டிருந்தேன்.