முதலை வேலி

வீட்டுக்கு மூன்று கம்பு என்பது கணக்கு.
வீரைக் கம்பு. வேறொன்றும் கொண்டுவரக் கூடாது.

கஞ்சிகுடிச்சாற்றில்
குளிக்கிற துறையை வளைத்து நட்டோம்:
முதலை வெளியே,
பிள்ளைகளும் சவர்க்காரமும் உள்ளே.

மாரி வெள்ளம் வேலிக்கு மேலால் ஓடியது
ஒன்பது நாள்.
வடிந்த காலை கிருபைராசாவின் பெண்சாதி
வாளியோடு இறங்கி
வாளியில்லாமல் ஏறினாள்.

உள்ளே கிடந்தது.
முதுகில் ஒரு பாசிக்கொடி.
நாலைந்து கம்பை முட்டிப் பார்த்து
அலுத்துப்போன கிடை.
ஏறிவர வழியில்லை, கரை முழுக்க நாங்கள்.

வனசீவராசிக் கந்தோரில்
போன் அடித்துக்கொண்டே இருந்தது.
மறுகா என்ன,
தோணியை வெளிப்பக்கமாய் விட்டு
நட்டதைப் பிடுங்கத் தொடங்கினோம்.
வீரை அசையவில்லை.
யார் இவ்வளவு ஆழமாய் இறக்கியது என்று
எங்களையே நாங்கள் ஏசிக்கொண்டோம்.

பரமக்குட்டியின் மூன்றும்
தொட்டவுடன் முறிந்தன.
முருங்கை!
தோல் சீவி நட்டிருக்கிறான், படுபாவி.

அந்த இடைவெளியால்தான் போனது,
அவசரமில்லாமல்,
வாலைக் கடைசியாய் எடுத்துக்கொண்டு.
மீன்கொத்தி அடுத்த கம்புக்கு மாறி உட்கார்ந்தது.

பரமக்குட்டியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
இந்த முறை அவனுக்கு ஆறு கம்பு,
அவ்வளவுதான்.

வாளி இன்னும் அகப்படவில்லை.