ஏழு வெள்ளி

நூற்றெண்பது டின் முறுக்கு.
டின்னுக்குப் பதினெட்டு வெள்ளி.
தொள்ளாயிரம் முன்பணம் போக
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது வெள்ளி பாக்கி.
கடைக்காரர் தனபாலன் இதுவரை தந்தது
ஏழு வெள்ளிக்கிழமைகள்.

பாகாவ் நீதிமன்றத்தில்
கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த கிராணி
பணத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:
ஐயாயிரத்துக்குள்தானே, இது சின்ன வழக்கு.
வக்கீல் கிடையாது,
உங்களுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை.
போராங் 198. நாலு நகல்.

சின்ன வழக்கு.
பதினோரு ராத்திரி அடுப்படியில் நின்றேன்,
விடிந்ததும் மருந்தடிக்கப் போனேன்.
அதற்குப் போராங்கில் கட்டம் இல்லை.

சாட்சி?
எண்ணெய் பிசுக்கேறிய நோட்டு ஒன்று,
கைப்பேசியில் அவர் குரல்.
குரலை ஸ்டேப்பிள் அடிக்க முடியாது,
எழுதிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

எழுதினேன்.
"அக்கா, இந்த வெள்ளி கண்டிப்பா."
"அக்கா, பேங்க்ல லைன் இல்ல."
ஐந்தாவதில் ஒரு நீண்ட இருமல்,
அப்புறம், "திருவிழா முடியட்டுமே."
எழுதும்போதுதான் கவனித்தேன்:
ஓர் இடத்திலும்
தர வேண்டியதில்லை என்று அவர் சொல்லவில்லை.
அந்த வரிகளுக்கெல்லாம் கோடு போட்டேன்.

பதிவுத் தபால் போனது.
ஒப்புகை அட்டை திரும்பி வந்தது,
அதில் அவர் முழுக் கையெழுத்து.
என் நோட்டில் எத்தனை முறை கேட்டும்
போடாத கையெழுத்து.

"வாதி யார்?"
மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.
எனக்குத் தெரிந்த வாதம்
முழங்காலில் இருப்பது.
எழுந்து நின்றேன், அதுவும் கூடவே எழுந்தது.

மாஜிஸ்ட்ரேட் என் மகள் வயது.
எத்தனை டின், என்ன தேதி,
யார் வந்து ஏற்றிப்போனது,
இவ்வளவுதான் கேட்டார்.
நான் மனப்பாடம் செய்து வந்த அழுகை
பையிலேயே கிடந்தது.

பிறகு தனபாலன் ஒரு நோட்டை எடுத்தார்.
கடன் நோட்டு. என் பெயரில்
சமையல் எண்ணெய், எண்பத்தாறு வெள்ளி.
உண்மையா என்று கேட்டார்கள்.
உண்மைதான்.

கழித்தார்கள்.
இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பத்து நான்கு,
நாலு தவணை.

முதல் தவணை ஒரு செவ்வாயில் வந்தது.
இரண்டாவதற்கு நாள் கடந்துவிட்டது.
தீர்ப்பு வேறு, பணம் வேறு, என்றாள் கிராணி.
பணத்தை வாங்க இன்னொரு போராங் இருக்கிறதாம்.
எத்தனை நகல் என்று கேட்டுக்கொண்டேன்.

எண்ணெய்க்கு இன்றும் அவர் கடைதான்,
டிவிசனில் வேறு கடை இல்லை.
ரொக்கம் கொடுத்துவிட்டு
ரசீதுக்கு நிற்கிறேன்.
அவர் பேனா தேடுகிறார்.
எனக்குப் பின்னால்
வரிசை முணுமுணுக்கிறது.