கடன் இல்லாத வழி

எங்கள் ஊரில் பைக் டாக்ஸிக்குப் பெயரே ஒரு கேள்விதான்:
ஓலேயா?
போறியா என்று அர்த்தம்.
எங்கே என்று அப்புறம் கேட்டுக்கொள்வோம்.

ஹாமிதூ நியாமேக்காரர்.
துறைமுகத்தில் அவர் கம்பெனி கண்டெய்னர்
ஒரு முத்திரைக்காகக் கிடக்கிறது.
முத்திரை வைக்கிறவர் ஒரு சாவுக்குப் போய்விட்டார்.
அப்படித்தான் அவருக்கு ஒரு நாள் லோமே கிடைத்தது.
"நல்ல சாப்பாடு, வீட்டுக்காரிக்குத் துணி,
பார்க்கிற மாதிரி ஏதாவது" என்றார்
எங்கள் இருவருக்குமே தாய்மொழி அல்லாத பிரெஞ்சில்.

இந்த ஊர் எனக்கு அத்துப்படி.
எந்த முனையில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்கிற அளவுக்கு.
கதீட்ரலுக்குப் பின்னால் செயின் மாற்றியது, மூவாயிரம் ஃபிராங்க்.
டெக்கோனில் பொரித்த வள்ளிக்கிழங்கு, நானூறு.
பாட்டிலில் பெட்ரோல் விற்கிற பையன்கள்
மூன்று பேருக்கு. அதை எண்ணுவதில்லை.
அப்லாவியிடம் ஆயிமோலு, சோறும் பயறும் ஒன்றாய் வெந்தது,
ஆயிரத்து நூறு. அது மழைக்கு முன்னால்.

ஆகவே சுற்றினேன்.
கடல் முதலில் எங்களுக்கு வலப்பக்கம் வந்தது,
பிறகு இடப்பக்கம்,
மறுபடி வலப்பக்கம்.
"இங்கே எத்தனை கடல்?" என்றார் பின்னாலிருந்து.

மண்டையோட்டுச் சந்தைக்குக் கூட்டிப்போனேன்.
அங்கே எனக்குப் பாக்கி இல்லை, நுழையவே காசு.
காய்ந்த முதலை, காய்ந்த ஆந்தை, குரங்குத் தலைகள் வரிசையாய்.
"கண்டெய்னர் எப்போ வரும்னு இதுகிட்ட கேட்கலாமா?"
"அதுக்குத் தனிக் காசு" என்றேன்.
சிரித்தார். ஆனால் ஒரு தலை முன்னால்
கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

பெரிய மார்க்கெட் மாடியில் தேதே
ஆறு கஜத்தை விசிறி விரித்தாள்.
இங்கே துணிக்கெல்லாம் பெயர் உண்டு.
"இது 'சக்களத்தியின் கண்', நல்லா ஓடுது."
ஹாமிதூ கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்:
"நான் வீடு திரும்பணும்மா."
கடைசியில் மீன் போட்ட நீலம்.
பேரம் முக்கால் மணி நேரம்.
நடுவில் பனஞ்சாராயம் நீட்டினாள், வேண்டாம் என்றார்;
பையில் கட்டிய இஞ்சிச்சாறை
ஓரத்தைக் கடித்து உறிஞ்சினார்.

கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
கயிற்றில் ஓரிடம் காலி.
பேன்ட்டை முழங்கால்வரை மடித்து
அவர் போய்ப் பிடித்துக்கொண்டார்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு மட்டும் ஒரு குரல் கூடிற்று.
பதினோரு வருஷமாய் இந்தச் சாலையில் ஓட்டுகிறேன்,
அந்தக் கயிறு சொரசொரப்பா வழவழப்பா
எனக்குத் தெரியாது.
பைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உப்புக் கையோடு வந்து கேட்டார்:
"நீ எங்கே சாப்பிடுவே?"
கடற்கரை ஓட்டல் சொன்னேன், நாற்காலிக்கு உறை போட்டது.
"அதில்லை. நீ."

அப்லாவி எங்களைப் பார்த்தாள்.
"செத்துட்டேன்னு நினைச்சேன், கொக்கூவி" என்றாள்,
இரண்டு தட்டு எடுத்தாள்.
சோற்றின்மேல் கறுப்பு மிளகாய்ச் சாந்து,
பொரித்த மீன், கை நிறைய மரவள்ளித் தூள்.
ஹாமிதூ பேச்சை நிறுத்தினார்.
இரண்டாம் தட்டு கேட்கும்போதும் கையை மட்டுமே நீட்டினார்.

மூன்று தட்டுக்கும் நோட்டை வைத்தார்.
அவள் இரண்டுக்கு எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளினாள்:
"அவன் கணக்கு வேற."
அடுப்புக்கரியால் சுவரில் ஒரு கோடு.
சுவருக்கு நடுவில் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தாள்.
என் பெயர் இருந்த இடத்தை மட்டும்
சுற்றிவிட்டு அடித்திருந்தாள்.

போன் வந்தது. முத்திரை நாளைக்கும் இல்லையாம்.
சாவு பெரிய வீட்டுச் சாவு.
ஹாமிதூ விரலை நக்கிக்கொண்டே
என்னைப் பார்த்துக் கேட்டார்,
எங்கள் மொழியில், தப்பான உச்சரிப்போடு:
ஓலேயா?