கிளிப்பில் தொங்குவது

இந்த நகரத்தில் மான்கள் உண்டு. உவமை இல்லை.
மடத்தடிச் சந்தியில் வெயில் தணியும் நேரம்
வாழைப்பழத் தோலுக்கு நிற்கும்,
பிறகு என் போட்டோகொப்பிக் கடை வாசலுக்கு வரும்.
கச்சான் காற்று எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் தின்னும்.
ஆகவே சில கட்டுரைகளில் மூன்றாம் பக்கம் இல்லாததற்கு
நான் பொறுப்பல்ல.

தொடக்கி வைத்தவர் மசாஹிர்.
கிண்ணியாவில் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர்.
நடுச்சாமத்தில் அனுப்புவார்:
"இத அடிச்சி வைங்க, போன்ல பாத்தா கண் எரியுது."
கடலடிக் கம்பி அறுந்தால்
ஒரு தீவு எத்தனை நாள் ஊமையாக இருக்கும்.
வாக்குச்சீட்டை எண்ணும் இயந்திரத்தை
யார் எண்ணுவது.
தமிழில் திட்டினால் ஏன் அவர்களின் வடிகட்டிக்கு விளங்குவதில்லை;
தமிழில் அழுதாலும் அப்படித்தான்
என்று முடிந்திருந்தது அது.

பக்கம் பதினைந்து ரூபாய். அவருக்குப் பத்து.
ஒருநாள் தவறி இரண்டு பிரதி விழுந்தது.
வீச மனமில்லாமல் மற்றதைச் சுவர்க் கிளிப்பில் மாட்டினேன்.
காணி உறுதியோடும் மரணச் சான்றிதழோடும்
வரிசையில் நிற்பவர்களுக்கு
கையில் எதையாவது வைத்திருக்க வேண்டும்.

ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதினார்கள்: பொய்.
கீழே வேறொரு கை: எப்படித் தெரியும்?
அதற்கும் கீழே நீல மையில்
ஒரு தொலைபேசி இலக்கம்,
கிடுகு விற்பனைக்கு.

கச்சேரியில் வேலைசெய்யும் சுனேத்ரா
எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிப்பாள்.
'கண்காணிப்பு' என்ற சொல்லில் விரலை வைத்து
"இது பாதுகாப்புத்தானே?" என்றாள்.
"ஆளைப் பொறுத்தது" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. நானும்தான்.

பிறகு கௌசலாதேவி வந்தாள், சாம்பல்தீவிலிருந்து.
இரண்டாவது கடனுக்கு அடையாள அட்டையின் பிரதி.
வங்கிக் கடன் இல்லை, போனில் வரும் கடன்.
கிளிப்பில் அன்றைக்கு அதுதான் தொங்கியது:
கடன் கொடுக்கும் செயலி
உன் போனில் உள்ள பெயரெல்லாம் அள்ளிக்கொள்ளும்,
தவணை பிந்தினால் ஒவ்வொரு பெயராக அழைக்கும்.
நின்றபடி வாசித்தாள்.
பிறகு வாங்கில் இருந்து வாசித்தாள்.
"நான் ஓம் எண்டு அமத்தினது இதுக்கோ?"

வவுனியாவில் மச்சானுக்கு அழைப்புப் போனது.
மகளின் வகுப்பு ரீச்சருக்கும் போனது.
"பக்கத்து வீட்டு நிரோஷினிதான் சொன்னவள் எண்டு
ரெண்டு மாசமா அவளோட கதைக்கேல்ல.
வேலியும் அடைச்சிட்டன்."

மூன்றாம் பக்கத்தைத் தேடினாள்.
என்ன செய்யலாம் என்பது அதில்தான் இருந்தது.
வாசலில் மான் அசை போட்டுக்கொண்டு நின்றது.

இருக்கிற இரண்டு பக்கத்தையும்
இன்னொரு பிரதி அடிக்கச் சொன்னாள், நிரோஷினிக்கு.
முப்பது ரூபாயைச் சில்லறையாக எண்ணி வைத்தாள்.
அடையாள அட்டையின் பிரதி
தட்டில் சூடாகக் கிடந்தது. எடுக்காமல் போனாள்.

வேலி திறந்ததோ தெரியாது.
மூன்றாம் பக்கத்தைத் திரும்ப அனுப்பச் சொல்லி
மசாஹிருக்கு எழுதினேன்.
"டேட்டா முடிஞ்சி, பெருநாளைக்குப் பொறகு" என்றார்.
பெருநாளைக்குப் பிறகு வேறொன்று வந்தது:

போட்டோகொப்பி இயந்திரத்துக்குள் ஒரு நினைவுத் தட்டு உண்டாம்.
பிரதி எடுத்த ஒவ்வொரு முகத்தையும்
அது வைத்திருக்கக் கூடுமாம்,
விற்றபிறகும், பழுதானபிறகும்.

என்னுடையது கொழும்பில் வாங்கிய பழைய இயந்திரம்.
ஏழு வருடம்.
உப்புவெளி, மூதூர், கிண்ணியா, அலஸ்தோட்டம்:
எத்தனை பிறந்த திகதி, எத்தனை கையெழுத்து,
காணாமல் போனவர்களின் எத்தனை படம்,
கௌசலாதேவியின் இடது கன்னத்து மச்சம்.

இரவில் கடையைப் பூட்டியபிறகும்
அதன் பச்சை விளக்கு எரிகிறது.
முன்பு அதை நான் கவனித்ததில்லை.

நாலு பக்கம். அடித்துவிட்டேன்.
மேசை லாச்சிக்குள் இருக்கிறது.
கிளிப்பில் இடமும் இருக்கிறது.

மான் வாசலில் நிற்கிறது.