பாதித் திடல்

மண்டப வாசலில்
பயாஸ் நாநா ஓட்டோவைத் திருப்பி நிறுத்தும்வரை காத்திருந்தேன்.
தொப்பி போட்ட ஒரு மனிதர்
நடையை நிறுத்தாமலே
என் மடியில் இருபது ரூபாய்த் தாளைப் போட்டுப் போனார்.
றக்கெற் உறை அதே மடியில்தான் கிடந்தது.

உள்ளே மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள்.
காற்று இறகைத் திருடும்.
கொழும்பு வெயில் தகரக் கூரையில் ஏறி
சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

இடுப்புக்கு ஒரு பட்டி. தொடைக்கு ஒரு பட்டி.
அடிக்கும் கணத்தில் உடல் இருக்கையை விட்டு
எழும்பக்கூடாது என்பது விதி.
நான் எழும்பினால்
முதலில் டொக்டருக்கல்லவா சொல்லவேண்டும்!

எதிரே சமன்மலி.
நீளவாக்கில் பிளந்த திடலில்
அவளுக்கு அந்தப் பாதி, எனக்கு இந்தப் பாதி.
முன்னுக்கு, பின்னுக்கு, திரும்ப முன்னுக்கு,
கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள்
லொறி திருப்புவதுபோல.

இடக்கை சக்கரத்துக்கு.
வலக்கை றக்கெற்றுக்கு;
அதன் உள்ளங்கை விளிம்பும் சக்கரத்துக்கே.
அவள் உயரத் தூக்குகிறாள்.
முதுகை வளைத்து, கூரை விளக்குகளுக்கிடையே
வெள்ளையைத் தேடுகிறேன்.
கவிழப் போகும்போது
பின்னாலுள்ள குட்டிச் சக்கரம் தரையைத் தொட்டு
என்னைப் பிடித்துக்கொள்கிறது.

"எலியே!" அவள் பயிற்சியாளர் கத்துகிறார்.
சிங்களத்தில், வெளியே.
முதல் மாதம் நான் எலியைத் தேடினேன்.
இதைச் சமன்மலிக்கு விளங்கப்படுத்த
மூன்று போட்டிகள் போயின.
இப்போது என் பந்து கோட்டைத் தாண்டினால்
விரலால் மீசை வைத்துக் காட்டுவாள்.

இருபது, பத்தொன்பது.
அவள் மெல்லத் தட்டினாள்.
இறகு வலைமேல் ஒரு கணம் யோசித்து
இந்தப் பக்கம், முன்கோட்டுக்கும் வலைக்கும் நடுவே
பொத்தென்று விழுந்தது.
நான் கை நீட்டவில்லை.
அந்தப் பட்டைக்குள் விழுவது
எங்கள் ஆட்டத்தில் கணக்கில்லை.
கிட்டக் கொண்டுவந்து போட்டாலும் பிழைதான்.
எனக்கென்றால் ஆழத்துக்கு அடி.
உருண்டு போய் எடுத்துக்கொள்வேன்.

பட்டிகளைக் கழற்றும்போது
வியர்வையில் ஊறிய அந்தத் தாள்
சக்கரத்தடியில் விழுந்தது.
"மொகத்த?" என்றாள் சமன்மலி.
விரலால் மீசை வைத்துக் காட்டினேன்.

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.
முந்தாநாள் மருதானை ஸ்டேஷனில்
அவளுக்கும் ஒன்று விழுந்ததாம்.
ஐம்பது.