வரிக்கு வரி

ரூவியில், பணமாற்றுக் கடைக்கு மேல் மூன்றாம் மாடி.
ஞாயிறு காலை, வாரத்தின் முதல் நாள்.
ஷம்சா பலகையில் 'பெர்ல்' என்று எழுதி அடித்தாள்.
கீழே 'கோ'.
எங்கள் மொழியில் அது அரசன் என்றேன். பசுவும்கூட.
"எதுவோ, நோன்புக்கு முன் முடியணும்."

பதினாலு வருடத் தண்ணீர்க் கணக்கு:
எந்த நீல லாரி எந்த வீட்டுத் தொட்டியில்
எத்தனை காலன் இறக்கியது,
யார் கட்டினார், யார் இழுத்தடித்தார்.
வரி வந்த வருடம் அவசரமாய்ச் சொருகிய வரிகள்.

பழைய மொழியில் ஒவ்வொரு பெயருக்கு முன்னும்
டாலர் குறி போடுவோம்.
புதியதில் வேண்டாம்.
டாலர் இல்லாமல் ஒரு பெயரை எழுத
ரொஜேலியோவின் விரலுக்கு ஒரு மாதம் பிடித்தது.
சுபைர் இன்னும் அரைப்புள்ளி வைக்கிறான்;
சேமிக்கும்போது சத்தமில்லாமல் அது துடைக்கப்படுகிறது.

எனக்குத் தகராறு வகைகளோடு.
இது எண், இது சொல், இது ஆமா-இல்லை என்று
முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.
முன்பு எண்ணைச் சொல்லோடு கூட்டினாலும்
ஏதோ ஒரு விடை வரும், பிழைப்பு ஓடும்.
என் விசாவில் இன்றும் தொழில்: தட்டச்சர்.
எந்தக் கம்பைலரும் அதைப் பிடிக்கவில்லை.

இரவுகளில் இரண்டையும் ஓடவிட்டு ஒப்பிட்டோம்.
இங்கேயும் பைசாதான்,
ஆயிரம் சேர்ந்தால்தான் ரியால்.
ஒரு பைசா பிசகினாலும் சிவப்பு.

ஒரு புதன்கிழமை, 2208ஆம் வரி.
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த
குத்தாலிங்கம், ஆங்கில எழுத்தில் தமிழ்க் குறிப்பு:
இங்க கை வைக்காத.
அதன் கீழே
கணக்கு எண் 4417 என்றால் தாமதக் கட்டணம் பூஜ்யம்.
காரணம் இல்லை. அவர் எண்ணும் உபயோகத்தில் இல்லை.

வியாழன் மாலை சுபைர் வாதி கபீர் போனான்.
பூட்டிய வீடு.
தெருப்பக்கச் சுவரில் குளிர்நீர்ப் பெட்டி,
சங்கிலி கட்டிய எவர்சில்வர் டம்ளர்,
புட்டியோடு நாலு பேர் வரிசையில்.
யார் கட்டுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.
கவுண்டரில் கேட்டால்: யாரோ, காசாக,
எப்போதும் லேட், எப்போதும் முழுசாக.

வரிக்கு வரி பெயர்க்காதே,
அர்த்தத்தை மட்டும் எடு என்றவள்தான் ஷம்சா.
பேனாவை மூடினாள், திறந்தாள்.
"அதற்கும் ஒரு டெஸ்ட் எழுது."
எழுதினேன். பச்சை.

குறிப்பை மட்டும் இம்முறை
தமிழ் எழுத்திலேயே இட்டேன்.
ஒப்புதல் தருமுன் ரொஜேலியோ கேட்டான்:
இந்தச் சுழியெல்லாம் ஓடுமா?
ஓடாது என்றேன்.
நிற்கும்.